‘குற்ற வழக்கு ஏதும் உண்டா?’: வேலைப் படிவத்தில் வரும் ஒரு கேள்வியின் பின்னணி

உதாரணத்துக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். காவலர் தேர்வில் தேறியவன். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, மருத்துவப் பரிசோதனையும் முடித்துவிட்டான். ஊரில் இப்போதே ‘போலீஸ்காரரே’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து போக வேண்டிய ஒரு அறிக்கை மட்டும்தான். ரைட்டர் கணினியில் பெயரைப் போட்டுப் பார்க்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் கோயில் கொடையில் நடந்த ஒரு தள்ளுமுள்ளு வந்து நிற்கிறது. எஃப்.ஐ.ஆரில் சித்தப்பா முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இவன் நான்காவது எதிரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 294(பி), 323, 506(1).

தமிழ்நாட்டில் தெருச் சண்டை வழக்குகளை ஓரளவு பார்த்தவர்களுக்கு இந்த மூன்று எண்ணும் மனப்பாடமாக இருக்கும். ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தில் இதே மூன்றும் 296(பி), 115(2), 351(2) என்று எண் மாறியிருக்கின்றன. சண்டை மாறவில்லை.

இரண்டு குடும்பமும் ஒரே மாதத்தில் சமாதானமாகிவிட்டன. கோர்ட்டில் வழக்கு விடுதலையில் முடிந்தது. அதனால் படிவத்தில் ‘குற்ற வழக்கு ஏதும் உண்டா?’ என்று கேட்ட இடத்தில் பையன் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை, முடிந்துபோன கதை.

அந்த ‘இல்லை’ அவன் வேலையைக் காலி செய்துவிடக்கூடும். சரி, ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் தப்பியிருப்பானா? காவலர் வேலை என்றால் அதுவும் நிச்சயமில்லை. இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஏட்டிலிருந்து நீக்குவது

சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் ஏடாகூடமாக ஏதாவது பேசிவிட்டால், சபாநாயகர் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது’ என்பார். பேசியதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள், ஆனால் ஏட்டில் இருக்காது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தனிமனிதரின் குற்றப் பதிவுக்கும் இதுபோல ஒரு வழி உண்டு. தண்டனை முடிந்து, குறிப்பிட்ட வருடங்கள் வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால், பழைய பதிவை அழிக்கவோ முத்திரையிட்டு மூடவோ மனுப் போடலாம். பென்சில்வேனியா 2018இல் ஒரு படி மேலே போய், தகுதியான பதிவுகள் மனு இல்லாமலே தானாக மூடப்படும்படி சட்டம் செய்தது.

பிரிட்டனில் முறை வேறு. அங்கே 1974ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி தண்டனைக்குக் காலாவதித் தேதி உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தவருக்கு விதித்த அபராதம் என்றால் ஓராண்டு. அதன் பிறகு வேலைக்கு எடுப்பவர் கேட்டால் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லலாம், சட்டம் அதைப் பொய்யாகக் கருதாது. குழந்தைகளோடு பழகும் வேலைபோன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில், வயது வந்தவர்களுக்கு, இந்த இரண்டு வகையிலும் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. இங்கே வக்கீல்கள் ‘எக்ஸ்பஞ்ச்’ என்று சொன்னால், பெரும்பாலும் தீர்ப்பில் ஒருவரைப் பற்றி நீதிபதி எழுதிய பாதகமான வரியை நீக்குவது என்றுதான் பொருள். ‘ரெக்கார்டையே க்ளியர் பண்ணித் தர்றேன் தம்பி’ என்று யாராவது பணம் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

பதிவு எங்கெல்லாம் கிடக்கிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு அல்ல. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டால் அது அந்த ஏட்டோடு போயிற்று. எஃப்.ஐ.ஆர். எண் விழுந்தால்தான் வழக்கு.

அப்படி எண் விழுந்துவிட்டால் பிறகு அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும், நாடு முழுக்க ஸ்டேஷன்களை இணைக்கும் காவல் துறைக் கணினி வலையில் இருக்கும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் தன்மேல் என்ன வழக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த உத்தரவு அது. அப்புறம் நீதிமன்றத்தின் மின்னணுத் தளம். அதில் பெயரைத் தட்டினால் வழக்கு எண், வாய்தா தேதி, முடிவு எல்லாம் வரும். மேல்முறையீடு வரை போயிருந்தால் தீர்ப்பின் முழு வாசகமும் தேடுபொறியில் சிக்கும்.

கைரேகை, புகைப்படம் போன்ற அடையாளப் பதிவுகளுக்குத் தனிச் சட்டம். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஏற்கெனவே தண்டனை பெறாத ஒருவர் விசாரணை இல்லாமல் விடுவிக்கப்பட்டாலோ, வழக்கில் விடுதலையாகி மேல்முறையீட்டு வழிகளும் முடிந்துவிட்டாலோ, நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாத வரை, அவற்றை அழித்துவிட வேண்டும். இந்தியச் சட்டத்தில் ‘அழி’ என்று வெளிப்படையாகச் சொல்லும் சில இடங்களில் இது ஒன்று. ஆனால் இதனால் அழிவது ரேகையும் படமும்தான். எஃப்.ஐ.ஆரும் கோர்ட் பதிவும் அப்படியே இருக்கும்.

எப்படி முடிந்தது என்பதில்தான் சங்கதி

‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் ஏழெட்டு விதமான முடிவுகள் இருக்கின்றன. போலீஸே விசாரித்து ‘பொருண்மைப் பிழை’ என்று கோப்பை மூடலாம், அதாவது அப்படி ஒரு சம்பவமே புகாரில் சொன்னபடி நடக்கவில்லை என்று அர்த்தம். உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யலாம். அரசு வழக்கைத் திரும்பப் பெறலாம். சமரசம் ஆகலாம். விசாரணை நடந்து விடுதலை ஆகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம். தண்டனை வந்து நன்னடத்தைப் பிணையில் விடப்படலாம். வேலைக்கு எடுக்கும் அதிகாரியின் கண்ணில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எடை.

இதில் ஜனங்கள் அதிகம் ஏமாறுவது அபராதத்தில்தான். பொது இடத்தில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதாக ஒரு ‘பெட்டி கேஸ்’, அதாவது சில்லறை வழக்கு. கோர்ட் வராண்டாவில் யாரோ சொல்வார்கள்: ‘ஒத்துக்கிட்டுப் பணத்தைக் கட்டிட்டுப் போயிடுங்க, இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்.’ நியாயமான யோசனைதான், ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் ‘ஆமாம்’ என்று சொல்லி அபராதம் கட்டியதும் சட்டத்தின் கணக்கில் அது குற்றத் தீர்ப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கட்டியவருக்கும் இதே கதைதான். சாலையோரத்தில் போலீஸ்காரர் மெஷினில் அடித்துத் தரும் ஹெல்மெட் அபராதம் வேறு, நீதிமன்றம் விதித்த அபராதம் வேறு.

அடுத்தது சமரசம். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கமும் சட்டமும் மோதிக்கொள்கின்றன. அடித்தது, வழிமறித்தது போன்ற சில குற்றங்களை இரு தரப்பும் கோர்ட்டிலேயே சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் அது விடுதலைக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நான் முதலில் சொன்ன அந்த 294(பி), அதாவது ஆபாசமாகத் திட்டியது, சமரசப் பட்டியலில் இல்லை. அது இல்லாமல் ஒரு தெருச் சண்டை எஃப்.ஐ.ஆரும் இங்கே எழுதப்படுவதில்லை என்றே சொல்லிவிடலாம். ஆக, ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டாலும் கோர்ட்டில் அதை நேராகச் சொல்ல வழியில்லை. என்ன செய்வார்கள்? புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, ‘எனக்கு ஒன்றும் தெரியாது, போலீஸார் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்’ என்பார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்வார். குறுக்கு விசாரணை பத்து நிமிடம். வழக்கு நிரூபிக்கப்படவில்லை, எதிரிகள் விடுதலை. எல்லோரும் சேர்ந்து டீ குடித்துவிட்டு ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவார்கள்.

அங்கேதான் பையனுக்குப் பள்ளம் தோண்டப்படுகிறது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14ஆவது விதி, போலீஸ் சரிபார்ப்புக்கு முன் விண்ணப்பதாரர் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. அதற்குக் கீழே ஒரு விளக்கம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஊர் ஒற்றுமைக்காகப் புகார்தாரர் செய்த உதவிதான் பையனின் வேலைக்கு வினையாகிறது. புகார்தாரர் முறைத்துக்கொண்டு நின்று, கடைசி வரை சாட்சி சொல்லி, அது நம்பத்தகுந்ததில்லை என்று நீதிமன்றம் தள்ளியிருந்தால் பையனின் நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்கும். விதி எழுதியவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சாட்சியை மிரட்டியோ விலைக்கு வாங்கியோ தப்பியவன் காக்கிச் சட்டை போடக் கூடாது என்பது சரிதான். ஆனால் மிரட்டப்பட்ட சாட்சியையும் சமாதானமாகிப்போன சித்தப்பாவையும் அந்த விதியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் பார்வையில் அதன் பெரிய ஓட்டை இதுதான்.

‘கௌரவமான விடுதலை’ என்று ஒரு சொல் இந்த வட்டாரத்தில் அடிக்கடி புழங்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினால் அந்தச் சொல் எங்கேயும் இருக்காது. நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சாட்சியங்களை முழுதாகப் பரிசீலித்து, அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிப்பதில் படுதோல்வி அடைந்துவிட்டது என்று நீதிமன்றம் கண்டால், அதைக் கௌரவமான விடுதலை எனலாம். முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை அந்த வகையில் சேராது.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு, ஆனால் செலவு பிடிக்கும். இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய், சமரசமாகிவிட்டோம், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 528. சமரசப் பட்டியலில் இல்லாத குற்றங்களையும், அவை தனிப்பட்ட தகராறு வகையாக இருந்தால், இப்படி ரத்து செய்யலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. விசாரணையே நடக்காததால் சந்தேகத்தின் பலன் என்ற பேச்சு எழாது. ஆனால் இதுவும் ‘குற்றமற்றவர்’ என்ற சான்றிதழ் இல்லை, பதிவும் மறையாது. பையன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் சாட்சியைப் பிறழ வைப்பதற்கு முன் வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

போராட்ட வழக்குகள் தனி ரகம். அவற்றோடு சேர்த்துப் பேசப்படுபவை ஊரடங்கு வழக்குகள். கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அதே மாதம் அறிவிப்பு வந்தது. போலீஸாரைத் தாக்கியது போன்ற சில வழக்குகளுக்கு விலக்கு. ஆனால் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கில் அரசின் அறிவிப்பு மட்டும் போதாது. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும். டி.வி.யில் செய்தி பார்த்ததோடு விட்டுவிடாமல், அந்த உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். அதிகாரியின் உத்தரவை மீறியது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தப் பிரிவில், சம்பந்தப்பட்ட அதிகாரி நேராக நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு இறுதி அறிக்கை தாக்கல் செய்ய முடியாது என்று 2018இல் உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. அதை வைத்து எத்தனையோ வழக்குகள் ரத்தாயின.

படிவத்தின் முன்னால்

மத்திய அரசு வேலைக்குப் போகிறவர்கள் நிரப்பும் சான்றளிப்புப் படிவத்தில் 12ஆவது கேள்வி ஒரே கேள்வி இல்லை, ஒரு சரம். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? வழக்கு தொடரப்பட்டதா? காவலில் வைக்கப்பட்டீர்களா? நன்னடத்தைக்காகப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா? நீதிமன்றம் அபராதம் விதித்ததா? தண்டனை பெற்றீர்களா? இப்போது ஏதாவது வழக்கு நிலுவையில் உள்ளதா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. தகவலை மறைப்பதே தகுதியிழப்பு என்ற எச்சரிக்கை படிவத்தின் உச்சியிலேயே இருக்கும்.

‘எப்போதாவது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நிலுவையில் உள்ளதை மட்டும் கேட்பதாக நினைத்துத்தான் பல பேர் வேகவேகமாக ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்ததையும் யாரும் வழக்காக எண்ணுவதில்லை. தேர்தலுக்கு முன்னால், திருவிழாவுக்கு முன்னால், அமைதி காப்பதாகப் பத்திரம் கேட்கும் பழைய 107ஆவது பிரிவைப் போட்டு, கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்திக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கேட்டால் ‘அது சும்மா பாண்டு’ என்பார்கள். அந்தப் படிவம் அதையும் கேட்கிறது.

மறைத்தால் என்ன, மறைக்காமல் சொன்னால் என்ன என்பதில் உச்ச நீதிமன்றமே பல வருடம் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சீராக்கியது 2016 ஜூலையில் வந்த அவ்தார் சிங் தீர்ப்பு. அரசு வேலை, பழைய வழக்கு என்று எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் இந்தப் பெயர்தான் வரும். அதன் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இப்படி. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இள வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விஷயத்தை மறைத்திருந்தால் நிர்வாகம் தன் விவேகப்படி மன்னித்துவிடலாம். கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றதை மறைத்திருந்தால் வேலையை ரத்து செய்யலாம். தன் மேல் வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவர் என்று சொல்ல முடியாது. படிவம் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று தண்டிக்கவும் முடியாது.

இதே தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. முடிந்துபோன வழக்கை ஒருவர் நேர்மையாகவே சொல்லியிருந்தாலும், அவருடைய முன்நடத்தையைப் பரிசீலிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கிறது, வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆக, உண்மை சொல்வது வேலையை வாங்கித் தராது. மறைத்தான் என்ற இரண்டாவது பழி வராமல் காப்பாற்றும், அவ்வளவுதான். அந்த அளவுக்காவது அது முக்கியம். வழக்கை வாதாடி ஜெயித்துவிடலாம், மறைத்ததை வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

ரொம்பக் கஷ்டம் என்றால் எவ்வளவு? உத்தரப் பிரதேசத்தில் 2004இல் காவலர் வேலைக்குத் தேர்வான ஒருவர், முடிந்துபோன ஒரு சின்ன வழக்கைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லவில்லை என்று நிறுத்தப்பட்டார். எல்லா மறைப்பும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கதல்ல, வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னது 2024 பிப்ரவரியில். இருபது வருடம்.

தேர்தலில் நிற்பவரும் வேட்புமனுவோடு தன் மேல் உள்ள வழக்குகளைப் பட்டியல் போட்டுத்தான் தருகிறார். வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் போட்டியிடத் தடையில்லை. ஜெயித்து வந்தால் வாசலில் பாதுகாப்புக்கு நிற்கும் காவலருக்கு மட்டும் பிறழ் சாட்சி கதைகூட ஆகாது. டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை, அதற்காக இது பொய்யாகிவிடாது.

வழக்குப் பதிவையே அழிக்கச் சொல்லும் சட்டம்

18 வயதுக்குக் கீழ் நடந்தவற்றுக்கு நிலைமை முற்றிலும் வேறு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவர்களுக்குப் புதிய தொடக்கம் தர வேண்டும் என்பதைத் தன் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. அதன் 24ஆவது பிரிவுப்படி, இளைஞர் நீதிக் குழுமம் குற்றம் நிரூபணமானது என்று கண்டாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலமோ, விதிகள் சொல்லும் ஏழு ஆண்டோ முடிந்ததும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். 16 வயது நிரம்பி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று காணப்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

சிறுவனாக இருந்தபோது செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், ஸ்டேஷனிலிருந்து போகும் அறிக்கையில் அந்த விவரம் எப்படியாவது நுழைந்துவிடுவதுதான் பிரச்சினை. சம்பவம் நடந்த தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முதல் வேலை. பள்ளிச் சான்றிதழில் 17 வயது 11 மாதம் என்று இருந்தாலும் போதும், வழக்கு வேறு வாசலுக்குப் போகிறது.

பெரியவர்களுக்கு இதற்குப் பக்கத்தில் வருவது 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை சின்னக் குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் பொருந்தாது என்கிறது 12ஆவது பிரிவு. படித்தால் எல்லாம் துடைக்கப்பட்டதுபோல இருக்கும். ஆனால் குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, அதற்கு அடிப்படையான நடத்தையைக் காட்டி அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கலாம் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் வேலை, வெளிநாடு, தேடுபொறி

தனியார் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் எதுவும் இல்லை. ஆஃபர் கடிதம் கொடுத்த பிறகு, பின்னணி பார்க்கும் ஒரு ஏஜென்சியிடம் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் கொடுப்பார்கள். அவர்கள் நீதிமன்றத் தளங்களில் தேடுவார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், ‘எம். முருகன்’ என்று தேடினால் எத்தனை முருகன் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒருவரின் வழக்கு நம் கணக்கில் ஏறிவிட்டால், வயதையும் முகவரியையும் காட்டி எழுத்தில் மறுக்க வேண்டும். ஆஃபர் ஏன் நின்றது என்று காரணம் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லாததால், பல பேருக்குத் தவறு நடந்ததே தெரியவராது.

வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே சிக்கல், நீதிமன்ற அனுமதியோடுதான் பொதுவாகக் கிடைக்கும். வழக்கு முடிந்திருந்தால், முடிந்தது என்பதற்கான தீர்ப்பு நகலை நாமே கொண்டுபோய்க் காட்டும்வரை ஸ்டேஷன் ஏட்டில் அது ‘நிலுவை’ என்றே கிடக்கலாம். கோர்ட் முடித்ததை ஸ்டேஷன் தானாகவே குறித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

தேடுபொறியின் கதை இன்னும் முடியாத கதை. விசாரணை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலையான ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தன் பெயரை மறைக்கும்படி கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார், அதற்கென்று சட்டம் வர வேண்டும் என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பெயரை மறைக்கக் கேட்டுப் போராடியதாலேயே அவர் பெயர் சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் இங்கே எழுதவில்லை.

பதிவை மறைத்தால் உண்மையிலேயே வேலை கிடைக்கிறதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்தி 2003இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே தகுதியோடு வேலை கேட்டுப் போன வெள்ளை இளைஞர்களில் பதிவு இல்லாதவர்களை 34 சதவீத நிறுவனங்கள் திரும்ப அழைத்தன, இருப்பதாகச் சொன்னவர்களை 17. கறுப்பின இளைஞர்களுக்கு இது 14, 5. மிச்சிகன் மாநிலத்தில் பதிவு அழிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு, ஓராண்டுக்குள் அவர்களின் சம்பளம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியதாகக் கண்டது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தகுதி இருந்தும், ஐந்து ஆண்டுக்குள் பதிவை அழித்துக்கொண்டவர்கள் 6.5 சதவீதம் பேர்தான். மனு, கட்டணம், அலைச்சல் என்று இருந்தால் சட்டம் இருந்தும் ஆட்கள் வருவதில்லை. பென்சில்வேனியா ‘தானாகவே’ என்று போனதற்கு இதுபோன்ற அனுபவங்கள்தான் காரணம். இங்கே ஒரு நாள் இப்படி ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தால், அதிலும் மனுப் போடச் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பையனிடம் திரும்புவோம். அவன் வழக்கு சரிபார்ப்பு நேரத்தில் இன்னும் முடியாமல் இருந்திருந்தால்? அதே 14ஆவது விதிக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. சரிபார்ப்பு நேரத்தில் நிலுவையில் இருந்த வழக்கு பிறகு கௌரவமான விடுதலையில் முடிந்தாலோ, பொருண்மைப் பிழை என்று மூடப்பட்டாலோ, அவர் வழக்கில் சம்பந்தப்படாதவர்தான். ஆனால் இந்தத் தேர்வில் இடம் கேட்க முடியாது, அடுத்த தேர்வில் மறுபடி கலந்துகொண்டுதான் உரிமை கோரலாம். பொதுப் பிரிவில் காவலர் தேர்வுக்கு வயது வரம்பு 26. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் சாட்சி வர நாலு வருடம், தீர்ப்பு வர இன்னும் ஒரு வருடம் என்று இழுத்தால், 22 வயதில் எஃப்.ஐ.ஆரில் ஏறிய பெயர் 27இல் கௌரவமாக இறங்கும்.